சாயப்பட்டறைக்காரன் வீட்டுக் கேசரி

திருப்பூரில் ஒரு சாயப்பட்டறை லேபில் எனக்குப் பதினாறு வருஷமாக வேலை. துணி வாங்குகிற பையர் அனுப்பின துணித்துண்டுக்கும் நம் துணிக்கும் ஷேடு பொருந்துகிறதா என்று லைட் பாக்ஸில் வைத்துப் பார்ப்பேன். மஞ்சள் ஒரு பொட்டுக் கூடியிருந்தாலும் கண்ணில் பட்டுவிடும். அப்படிப்பட்டவன் சொந்த வீட்டுத் தட்டில் கிடந்த மஞ்சளைக் கவனிக்க, பையனுக்கு உடம்பெல்லாம் தடித்துப்போக வேண்டியிருந்தது.

2023 தீபாவளி முடிந்த கையோடு ஆரம்பித்தது. அவனுக்கு அப்போது ஏழு வயது. கழுத்து, கை, தொடை என்று திட்டுத் திட்டாகச் சிவந்து வீங்கும். சொறிந்து சொறிந்து அழுவான். இரண்டு மூன்று மணி நேரத்தில் சுவடே இல்லாமல் அமுங்கிவிடும். "காணாக்கடி சாமி, ஒரு நடை மந்திரிச்சுட்டு வந்தாச் செரியாப் போயிரும்" என்றார் அம்மா. மந்திரித்தோம். நாலு நாள் சும்மா இருந்தது, அஞ்சாம் நாள் மறுபடி வந்தது.

தோல் டாக்டரம்மா அவசரப்படவில்லை. தின்னது, குடித்தது எல்லாவற்றையும் நேரம் போட்டு எழுதிக்கொண்டு வரச் சொன்னார். உதடோ முகமோ வீங்கினால், மூச்சு இழுத்தால் மட்டும் நோட்டை வீசிவிட்டு நேராக ஆஸ்பத்திரிக்கு ஓடிவரச் சொன்னார். பத்து நாள் கணக்கைப் பார்த்துவிட்டு, "கலர் போட்டதை எல்லாம் மூணு வாரம் நிறுத்திப் பாருங்க. இது எல்லாருக்கும் வர்றதில்லை, சில பேருக்குத்தான்" என்றார்.

என் சந்தேகம் முதலில் ரோட்டுக்கடைக் காளான் மேல்தான் விழுந்தது. நம் பக்கத்தில் தெரியாதவர் இருக்க மாட்டார்கள். பேர்தான் காளான், உள்ளே முக்கால்வாசி முட்டைக்கோஸ். மைதாவில் பிசைந்து பொரித்து, கல்லில் போட்டு டம்ளரின் அடியால் கொத்தி, சிவப்புக் குழம்பில் புரட்டி, மேலே வெங்காயம் தூவித் தருவார்கள். சனிக்கிழமை தவறாமல் நாங்கள் நாலு பேரும் தின்போம். அதை நிறுத்தினேன். அடுத்த புதன்கிழமையே தடிப்பு வந்தது.

அப்புறம்தான் வீட்டு அலமாரியைத் திறந்தேன். பாக்கெட்டுகளின் எழுத்து எறும்பு சைஸ், செல்போனில் படம் பிடித்துப் பெரிதாக்கித்தான் படித்தேன். கலரைப் பேர் போடாமல் எண்ணாகத்தான் போட்டிருந்தார்கள். கஸ்டர்ட் பவுடரில் 102, 110. ஜாமில் 122. கிரீம் பிஸ்கட்டில் 124. பேரைத் தேடிப் பார்த்தபோது ஒரு மாதிரி ஆகிவிட்டது. 102 என்பது டார்ட்ரசின். எங்கள் தொழிலில் அதற்குப் பேர் ஆசிட் யெல்லோ 23. 124, ஆசிட் ரெட் 18. நாங்கள் காட்டனுக்கு ரியாக்டிவ் சாயம் போடுகிறவர்கள், இந்த ஆசிட் சாயமெல்லாம் பட்டுக்கும் நைலானுக்கும் போவது. சாப்பாட்டுக்கு வருவதைச் சுத்தம் பண்ணித்தான் விற்கிறார்கள், அதையும் சொல்லிவிட வேண்டும். ஐஸ்கிரீம், பிஸ்கட், இனிப்பு மாதிரி சில சாமான்களில் கிலோவுக்கு 100 மில்லிகிராம் வரைக்கும் சட்டமும் விடுகிறது.

இன்னொன்றும் உறுத்தியது. அசோ வகைச் சாயங்களில் சிலது உடைந்தால் புற்றுநோய் வரவைக்கக்கூடிய அமீன் என்ற ரசாயனங்களை விடும். அதனால் குழந்தை பனியன் ஐரோப்பாவுக்குப் போக வேண்டுமென்றால் 'அசோ ஃப்ரீ' சான்றிதழ் இல்லாமல் பெட்டி நகராது. 1994இல் ஜெர்மனி ஆரம்பித்து வைத்தது, 2002இல் ஐரோப்பிய யூனியனே 22 அமீன்களைப் பட்டியல் போட்டது. 102ம் 110ம் அசோ வகைதான், ஆனால் அந்த 22ல் எதையும் விடுகிற சாயங்கள் இல்லை. அது தெரிந்தும் பனியனுக்குக் காட்டின அக்கறையைப் பையன் தின்கிற பிஸ்கட்டுக்குக் காட்டவில்லையே என்று இருந்தது.

எண்ணைக் கண்டாலே பயப்பட்டதும் உண்டு. ஒரு பாக்கெட்டை 100 என்று பார்த்துத் தூக்கிப் போட்டேன். பிற்பாடு பார்த்தால் அது மஞ்சளில் இருக்கிற குர்குமின். 160சி மிளகாய்ச் சாறு. ஈரோட்டுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு மஞ்சளைக் குப்பையில் போட்டவன் நானாகத்தான் இருப்பேன்.

அலமாரி காலியாகியும் தடிப்பு இரண்டு தடவை வந்தது. ஒன்று, காய்ச்சலுக்கு ஊற்றின ஆரஞ்சு சிரப். "ஏனுங்க, மருந்துலயுமா கலர் போடுவாங்க?" என்று என் சம்சாரம் பாட்டிலைத் திருப்பினாள். அடிவரியில் சன்செட் யெல்லோ, அதாவது 110, இருந்தது. டாக்டரம்மாவிடம் கேட்டு நிறமில்லாத அதே மருந்தை எழுதி வாங்கினோம். நோட்டில் மருந்துக்குப் பத்தியே போடாமல் விட்டது என் தப்பு.

இன்னொன்று அம்மாவின் அஞ்சறைப் பெட்டிக்குப் பின்னால் ஒளிந்திருந்த கேசரி பவுடர் டப்பா. கேசரிக்கு மட்டுமென்று நினைத்திருந்தேன். பஜ்ஜி மாவு, கோழிக் குழம்பு, தக்காளிச் சோறு என்று எல்லாவற்றிலும் ஒரு சிட்டிகை விழுந்திருக்கிறது. டப்பாவின் லேபிள் பிசுக்கேறிப் படிக்கவே முடியவில்லை. லேபுக்குக் கொஞ்சம் எடுத்துப் போனேன். ஃபில்டர் பேப்பரை விரலகலத்துக்குக் கத்தரித்து, கீழே ஒரு பொட்டு வைத்து, நுனியை உப்புத் தண்ணீரில் நிறுத்தினேன். தண்ணீர் ஏற ஏற அந்த ஆரஞ்சுப் பொட்டு பிரிந்தது. மேலே ஒரு பட்டை, கீழே ஒரு பட்டை, ஒன்று எலுமிச்சை மஞ்சள், ஒன்று சிவப்பு. வீட்டுக்குக் கொண்டுவந்து அம்மாவிடம் காட்டினேன். "இத்தனை வருசம் நீயுந்தானே தின்ன, உனக்கென்ன ஆச்சு?" என்றார். பதில் இல்லை. ஆனாலும் டப்பாவைக் கையில் கொடுத்துவிட்டார்.

மாற்று தேடினது தனிக் கூத்து. கேசரிக்கு மஞ்சள்தூள் போட்டோம். பையன் ஒரு வாய் வைத்துவிட்டு, "மஞ்சத்தண்ணி வாசம் அடிக்குதுங்கப்பா" என்றான், மாரியம்மன் நோம்பிக்கு மேலே ஊற்றுவதைச் சொல்கிறான். பாப்பாவின் பிறந்தநாள் கேக்குக்குப் பீட்ரூட் சாறு ஊற்றினோம். மாவில் ரோஜா நிறம், அடுப்பிலிருந்து எடுத்தால் செங்கல். கடைசியில் கேசரிக்குக் கேரட்டை வேகவைத்து அரைத்து ஊற்றுவது நிலைத்தது. கோழிக்கு எதுவுமே வேண்டியதில்லை. பள்ளிபாளையம் சிக்கனுக்கு வரமிளகாயைக் கிள்ளிப் போட்டால் வருகிற நிறம் போதாதா?

கல்யாண வீடுதான் கஷ்டம். "ஒரு லட்டு திங்கறதுல என்ன மாப்ள ஆயிரப் போவுது?" என்று எங்கள் மாமா பையன் இலையில் வைத்தே விட்டார். நோட்டைக் காட்டியா விளக்க முடியும்? நான் எடுத்துத் தின்றுவிட்டேன்.

மூணு வாரம் தடிப்பே இல்லை. பிறகு டாக்டரம்மா சொன்னபடி ஒவ்வொன்றாகக் கொடுத்துப் பார்த்தோம். சிவப்பு ஜாமுக்கு ஒன்றும் ஆகவில்லை. 102 மட்டும் போட்ட எலுமிச்சை மிட்டாய்க்கு ஒரு மணி நேரத்தில் கழுத்தில் கிளம்பியது. 110ஐச் சிரப் காட்டிக் கொடுத்துவிட்டது, மறுபடி சோதிக்க எனக்கு மனசில்லை. நான் பயந்த காளான் கடையில் எந்தக் கலர் விழுகிறதென்றே தெரியாது, அதனால் அதற்குத் தடை நீடிக்கிறது.

கலரை நிறுத்தினால் பையன் சேட்டையும் அடங்கும் என்று சொந்தத்தில் ஒருத்தர் அடித்துச் சொன்னார். காரணமில்லாத பேச்சில்லை. 2007இல் இங்கிலாந்தில் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழக ஆராய்ச்சி வந்து, 2010லிருந்து ஐரோப்பாவில் ஆறு கலர்களுக்கு எச்சரிக்கை வரி அச்சடிக்க வேண்டியதாகிவிட்டது. 102, 110, 122, 124 நாலும் அதில் உண்டு. என் வீட்டில் தடிப்புதான் போனது. சேட்டை அப்படியே இருக்கிறது.

இதற்கு நடுவில் ஊர்த் தேர் வந்தது. ரோஸ் பஞ்சுமிட்டாயை வாங்கினதும் கையில் ஒட்டின நிறம் சோப்புக்கும் போகவில்லை. ஒரு துணுக்கை லைட் பாக்ஸின் யூவி விளக்கில் வைத்தேன், ஆரஞ்சாக மின்னியது. சாப்பாட்டில் சேர்க்கவே கூடாத ரோடமின் பி என்ற சாயம் அப்படித்தான் மின்னும். அதுவே ருசு ஆகாது, எனக்குப் போதுமானதாக இருந்தது. 2024 பிப்ரவரியில் அந்தச் சாயத்தைக் கண்டுபிடித்துத் தமிழ்நாடு அரசு பஞ்சுமிட்டாய்க்கே தடை போட்டது.

கேசரி பவுடர் டப்பாவை அம்மா தூக்கிப் போடவில்லை. அடுத்த பொங்கலுக்கு ஒரு படி கோலமாவில் அதைக் கொட்டி, தண்ணீர் தெளித்துப் பிசறிக்கொண்டிருந்தார். வாசலில் அந்த வருஷம் சூரியன் நல்ல ஆரஞ்சு.