மூன்றாவது தீக்குச்சி

இரண்டு குச்சிகள் காற்றில் அணைந்தன. மூன்றாவதில்தான், கொல்லப்பட்ட யாழ்ப்பாணச் செய்தியாளர் நிமலராஜன் படத்தின் முன் சுடர் நின்றது.

பக்கத்தில் நின்ற பயிற்சிச் செய்தியாளத் தம்பி மெதுவாகக் கேட்டான்: "அண்ணா, இவர் எந்தப் பத்திரிகை?"

அவன் அப்போது பிறக்கவே இல்லை. கோபிக்க முடியுமா?

சொன்னேன். 2000 ஒக்டோபர் 19, ஊரடங்கு இரவு. பிபிசிக்கும் வீரகேசரிக்கும் செய்தி அனுப்பியவர். இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் இருந்த அவருடைய வீட்டுக்கே வந்து சுட்டுக் கொன்றார்கள்.

ஊரடங்கு நேரத்தில், காவலரண்களைத் தாண்டி, யார் வர முடியும்? தம்பியின் அடுத்த கேள்வியும் அதுதான். நான் விளக்கின் திரியைத் தூண்டினேன்.

யாழ்ப்பாணத்து ஊடகவியலாளர் சங்கங்களின் வரலாற்றைக் கூட்டக் குறிப்பேடுகளில் தேடுவது வீண். சுவரில் மாலையோடு தொங்குகிறது.

1981இல் யாழ் நூலகம் எரிந்த அதே நாட்களில் 'ஈழநாடு' பத்திரிகை அலுவலகமும் எரிந்தது. நூலகத்தைச் சொல்பவர்கள் இதைச் சொல்வதில்லை என்பது என் பழைய மனக்குறை. 2006 மே 2, உலக பத்திரிகைச் சுதந்திர தினத்துக்கு முதல் நாள், 'உதயன்' பத்திரிகை அலுவலகத்துக்குள் புகுந்து இரண்டு ஊழியர்களைச் சுட்டுக் கொன்றார்கள்.

தம்பி எழுதிக்கொள்ளப் பார்த்தான். பேனாவில் மை இல்லை. என்னுடையதைக் கொடுத்தேன்.

இன்னும் திருப்பித் தரவில்லை.