காலி அட்டவணையில் தொடங்கிய எம்பிஏ ப்ராஜெக்ட்

என் எம்பிஏ ப்ராஜெக்ட்டில் முதலில் உருவானது டேட்டாவை அலசும் நான்காம் அத்தியாயம்தான், அதுவும் ஒரு எண்கூட இல்லாமல். கேள்வித்தாளோடு போனபோது கைடு அதைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. "டேட்டா வந்த பிறகு என்னென்ன அட்டவணை போடுவீங்க? அதைக் காலியா வரைஞ்சு கொண்டு வாங்க" என்று அனுப்பிவிட்டார். கடுப்பாகத்தான் இருந்தது.

மேலாளரின் ஆதரவும் சம்பளத் திருப்தியும் ஊழியர்களின் வேலையை விடும் எண்ணத்தோடு எவ்வளவு தொடர்புடையவை என்பதுதான் ஆய்வு. ஒரே நிறுவனம். உட்கார்ந்து வரைந்தால், என் கேள்விகளில் பாதிக்கு எந்த அட்டவணையிலும் இடமில்லை. திருமணமானவரா, அலுவலகம் எவ்வளவு தூரம் என்பதெல்லாம் 'இருக்கட்டுமே' என்று சேர்த்தவை. வெட்டினேன். வயதைத் தொகுதியாகக் கேட்பதற்குப் பதில் எண்ணாகவே எழுதச் சொன்னேன். எண்ணைப் பிறகு எப்படி வேண்டுமானாலும் பிரிக்கலாம். தொகுதியை எண்ணாக்க முடியாது.

மாதிரி அளவு, அதாவது எத்தனை பேரிடம் கேட்பது என்றாலே எல்லோரும் 384 என்பார்கள். கிரெஜ்சி, மோர்கன் இருவரும் 1970-ல் வெளியிட்ட அட்டவணையில் அது பத்து லட்சம் பேருக்கான எண். என் நிறுவனத்தில் ஏறத்தாழ 600 பேர். அதே அட்டவணை அதற்கு 234 என்கிறது. அதையே இலக்காக வைத்துக்கொண்டேன்.

இலக்கிய மீளாய்வைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. படிக்கப் படிக்க ஸொட்டேரோ என்ற மேற்கோள் மென்பொருளில் சேர்த்துவிட்டால் கடைசி வாரம் தூங்கலாம்.

சுவாரஸ்யம் டேட்டாவைச் சுத்தம் செய்யும்போதுதான். பதில்கள் லிக்கர்ட் அளவுகோலில் 1 (சிறிதும் ஒப்பவில்லை) முதல் 5 (முழுக்க ஒப்புகிறேன்) வரை. "இங்கே நீண்ட நாள் இருக்க விரும்புகிறேன்" என்பதற்கு 5 போட்ட சிலர், "வேறு வேலை கிடைத்தால் உடனே போய்விடுவேன்" என்பதற்கும் 5 போட்டிருந்தார்கள். மேலிருந்து கீழ்வரை ஒரே நேர்க்கோட்டில் டிக். படிக்காமல் நிரப்பியவர்களைப் பிடிக்கத்தான் இப்படி எதிர்மறை வாக்கியம் வைப்பது. அந்தத் தாள்களை ஒதுக்கி, எத்தனை, ஏன் என்று மூன்றாம் அத்தியாயத்தில் எழுதினேன். அப்புறம், எதிர்த்திசையில் நிற்கும் வாக்கியங்களின் மதிப்பெண்ணை 6-லிருந்து கழித்துத் திருப்ப வேண்டும். திருப்பாமல் ஓட்டினால், வாக்கியங்கள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் கிரான்பாக் ஆல்ஃபா பாதாளத்தில் கிடக்கும். திருப்பிய பிறகு, பலரும் எல்லையாக வைக்கும் 0.7-ஐத் தாண்டியது.

முடிவில் மேலாளர் ஆதரவுக்குத் தொடர்பு எதிர்பார்த்தபடி வந்தது. சம்பளத் திருப்திக்கு வரவில்லை, பி மதிப்பு 0.21; பலரும் எல்லையாக வைக்கும் 0.05-க்குக் கீழே இருந்தால்தான் தொடர்பு உண்டு என்று எடுத்துக்கொள்வார்கள். "நாலு தாளைத் தூக்கிடு, வந்துடும்" என்றான் நண்பன் ஒருவன். கைடிடம் கேட்டால், "வராததும் முடிவுதான், அப்படியே எழுதுங்க" என்றார். எழுதினேன். ஆனால் சம்பளம் முக்கியமில்லை என்று எழுதவில்லை. ஒரே நிறுவனம், ஏறத்தாழ ஒரே சம்பள வரம்பு. திருப்தி மதிப்பெண்களில் பெரிய ஏற்றத்தாழ்வே இல்லாதபோது எந்தச் சோதனைக்கும் பிடி கிடைக்காது.

வைவா என்ற வாய்மொழித் தேர்வில் வெளித்தேர்வாளர் நேராக அந்த 234-க்கு வந்தார். "அந்த அட்டவணை ரேண்டம் சாம்பிளுக்குத்தானே? நீங்கள் கிடைத்தவர்களிடம் வாங்கியிருக்கிறீர்களே?" உண்மைதான். அதனால்தான் பிழை வரம்பு எதுவும் குறிப்பிடவில்லை என்று சொல்லி, ஆய்வின் வரம்புகள் பகுதியைக் காட்டினேன். சரி என்று சம்பள அட்டவணைக்குத் தாவினார். மீதி நேரம் முழுக்க அங்கேதான் ஓடியது.