எடை போடுவதை விட்ட பிறகு

ஆற்றைச் சுத்தம் செய்யும் தன்னார்வலர்களை ஒருங்கிணைப்பதுதான் ஆறு வருடமாக என் வேலை. ஞாயிற்றுக்கிழமை காலையில் தண்ணீரில் இறங்குவது அதில் சிறு பகுதி. மற்ற நாட்களெல்லாம் அனுமதிக் கடிதம் எழுதுவதிலும், குப்பை ஏற்றிப் போக வண்டிக்கு அலைவதிலும், கையுறை, பூட்ஸ் கணக்குப் பார்ப்பதிலும், யார் யார் டெட்டனஸ் ஊசி போட்டுக்கொண்டார்கள் என்று பட்டியல் வைப்பதிலும் போய்விடும். கையில் வெட்டுக்காயம் இருப்பவரைத் தண்ணீருக்குள் விடுவதில்லை. எலிக்காய்ச்சல் பயம்.

முதல் இரண்டு வருடம் எங்கள் கணக்கெல்லாம் கிலோவில்தான் இருந்தது. வேலை முடிந்ததும் மூட்டைகளைத் தராசில் மாட்டி எடை போடுவோம். போன வாரத்தைவிடக் கூடியிருந்தால் எல்லோருக்கும் சந்தோஷம். நிதி கொடுப்பவர்களும் அந்த எண்ணைத்தான் கேட்டார்கள்.

குப்பை தரம் பிரிப்பதில் பல வருட அனுபவம் உள்ள ஒரு அக்கா எங்களோடு சேர்ந்த பிறகுதான் அது மாறியது. ஒரு நாள் எடை போட்டு முடிக்கும்வரை பேசாமல் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "தம்பி, நீங்க எடை போடுறது பிளாஸ்டிக்கை இல்லை, சேத்தை" என்றார். ஒரு மூட்டையை அவிழ்த்துத் தார்ப்பாயில் கொட்டி, ஒவ்வொன்றாக உதறி, அலசி, இரண்டு குவியலாகப் போட்டார். சேறும் தண்ணீரும் போனபின் அந்த மூட்டையில் மிஞ்சியது கொஞ்சம்தான்.

என் மனதில் நின்றது அந்த இரண்டு குவியல்கள். ஒன்றில் பழைய பொருள் வாங்குபவர்கள் எடுத்துக்கொள்ளும் பாட்டில், கேன், கெட்டியான டப்பா. மற்றதில் யாரும் வாங்காதவை: பிளாஸ்டிக்கும் அலுமினியத் தாளும் அடுக்கடுக்காக ஒட்டிய உறைகள், கிழிந்த மெல்லிய கவர்கள், உதிரும் தெர்மோகோல். ஒட்டிய அடுக்குகளைப் பிரித்தெடுக்கிற செலவு அதிலிருந்து கிடைக்கிற பொருளின் மதிப்பைவிட அதிகம், அதனால் அவற்றை யாரும் தொடுவதில்லை. இரண்டாவது குவியல்தான் பெரியது. 2015 வரை உலகில் உண்டான பிளாஸ்டிக் கழிவில் சுமார் 9 சதவீதமே மறுசுழற்சிக்குப் போனது என்று 2017-இல் வந்த ஓர் ஆய்வு சொல்கிறது. அந்த எண்ணை ஏற்கெனவே படித்திருந்தேன். எனக்கு அது உறைத்தது அந்தத் தார்ப்பாயின் முன்னால் நின்றபோதுதான்.

அதன்பிறகு எடை போடுவதை விட்டுவிட்டு, எடுப்பதை ஒவ்வொன்றாக எண்ணி நோட்டில் குறிக்க ஆரம்பித்தோம். இது எங்கள் கண்டுபிடிப்பு இல்லை. 1986-இல் அமெரிக்காவின் டெக்சாஸ் கடற்கரையில் குப்பை பொறுக்க வந்தவர்களிடம், எடுத்த பொருள் ஒவ்வொன்றையும் குறிக்கச் சொன்னார்கள். பின்னாளில் பல நாடுகளில் ஆண்டுதோறும் நடக்கும் சர்வதேசக் கடற்கரைத் தூய்மைப் பணி அதிலிருந்து வளர்ந்ததுதான். அந்தப் பட்டியலில் பல வருடம் முதலிடத்தில் இருந்தது சிகரெட் துண்டு. அதன் வடிகட்டியும் செல்லுலோஸ் அசிடேட் என்னும் பிளாஸ்டிக்தான் என்று சொன்னால் புதிதாக வருகிறவர்கள் பலர் நம்புவதில்லை. எடைக் கணக்கில் அது வரவே வராது. எண்ணினால்தான் தெரியும்.

எண்ண ஆரம்பித்ததும் ஆற்றைப் பார்க்கிற விதமும் மாறியது. மிதப்பது மட்டும்தான் குப்பை என்று நினைத்திருந்தோம். பெட் (PET) என்னும் பிளாஸ்டிக்கில் செய்த தண்ணீர் பாட்டில் மூடி இறுக்கியிருந்தால் காற்றோடு மிதக்கும். மூடி போய்த் தண்ணீர் நிறைந்தால் அடியில் போய்விடும், ஏனென்றால் பெட் தண்ணீரைவிடக் கனமானது. பாலித்தீன் தண்ணீரைவிட லேசானதுதான், ஆனால் பாசியும் வண்டலும் ஏறினால் அந்தக் கவரும் மூழ்கிவிடுகிறது. கரையை ஒட்டி மண்வெட்டியால் ஒரு சாண் ஆழம் வெட்டினால் பல வருடத்துக் கவர்கள் ஏடு ஏடாக வரும்.

இங்கே நாங்கள் ஒரு தவறு செய்தோம். வேரில் சிக்கிய கவர்களையெல்லாம் பலங்கொண்ட மட்டும் இழுத்தோம். கவர் துண்டு துண்டாகக் கிழிந்து தண்ணீரோடு போனது, கரை மண்ணும் சரிந்தது. இப்போது கத்தரிக்கோலால் வெளியே தெரிகிற பகுதியை மட்டும் வெட்டி எடுக்கிறோம். வேருக்குள் ஆழமாகப் போனதை விட்டுவிடுகிறோம். எதை விடவேண்டும் என்று சொல்லிக்கொடுப்பதுதான் இந்த வேலையில் கடினமான பாடம். ஆர்வத்தோடு வந்தவரிடம் "அதை விட்டுடுங்க" என்று சொல்ல எனக்கு இன்னும் மனம் வருவதில்லை, ஆனாலும் சொல்கிறேன்.

இன்னொரு தவறு என்னுடையது. வண்டி அனுப்புவதாகச் சொன்ன அலுவலகம் அனுப்பவில்லை. இருட்டிவிட்டது, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று மூட்டைகளைக் கரையில் அடுக்கிவிட்டு எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பினேன். இரவில் மழை. காலையில் போய்ப் பார்த்தபோது கரையில் ஒரு மூட்டைகூட இல்லை. சிறுபிள்ளைகள் உட்பட அறுபது பேர் ஒரு நாள் முழுக்கக் குனிந்து பொறுக்கியது அது. யாரும் என்னைத் திட்டவில்லை, அதுதான் அதிகம் வலித்தது. அன்றிலிருந்து வண்டி கரையில் வந்து நிற்காமல் முதல் மூட்டையைத் திறப்பதில்லை.

பார்க்க வருகிறவர்கள் பலரும் கேட்பது, இதற்கு ஒரு இயந்திரம் வைக்கக்கூடாதா என்று. வைக்கலாம். அமெரிக்காவின் பால்டிமோரில் ஜோன்ஸ் ஃபால்ஸ் ஆறு துறைமுகத்தில் சேரும் இடத்தில் 2014 முதல் ஒரு நீர்ச்சக்கரம் குப்பையை அள்ளுகிறது. நீரோட்டத்திலும் சூரிய ஒளியிலும் ஓடுவது. நாங்களும் ஓடை வாயில் ஒரு மிதவைத் தடுப்பு கட்டியிருக்கிறோம். ஆனால் தடுப்பில் சேர்வதை யாராவது அள்ளியாக வேண்டும். ஒரு வாரம் விட்டால் குப்பை அழுத்தி, தண்ணீர் வேகம் எடுக்கும்போது தடுப்புக்கு அடியில் நுழைந்து போய்விடும். ஆகாயத்தாமரையும் அப்படித்தான். குப்பையைப் பிடித்துவைத்திருக்கும், வெள்ளம் வந்தால் மொத்தமாக இழுத்துக்கொண்டு போகும். அதனால் மழைக்காலத்துக்கு முந்தைய மாதங்களில்தான் எங்களுக்கு வேலை அதிகம்.

உலகின் பிளாஸ்டிக்கைக் கடலில் சேர்ப்பது சில பெரிய ஆறுகள்தான் என்றுதான் ஒரு காலத்தில் கணக்கிட்டார்கள். 2021-இல் வந்த ஓர் ஆய்வு வேறு மாதிரி சொன்னது: ஆறுகள் வழியாகக் கடலுக்குப் போகிற பிளாஸ்டிக்கில் 80 சதவீதம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆறுகளிலிருந்து போகிறது, ஊர்களுக்குள் ஓடும் சின்ன ஆறுகளுக்கும் அதில் பெரிய பங்கு உண்டு. வரைபடத்தில் பெயர்கூடப் போடாத ஆற்றில் வேலை செய்கிற எனக்கு அதைப் படித்ததும் பொறுப்பு கூடியது போல இருந்தது.

எங்கள் நோட்டில் ஒரு ஓடை மட்டும் தனியாகத் தெரிந்தது. அந்த ஓடை ஆற்றில் சேரும் இடத்தில் மட்டும் குழந்தைகளின் டயப்பரும் முடிச்சுப் போட்ட கவர்களும் ஒவ்வொரு வாரமும் வந்தன. முடிச்சுப் போட்ட கவர் என்றால் யாரோ வீட்டுக் குப்பையை ஒழுங்காகக் கட்டிவைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அக்காதான் அதைக் கவனித்துச் சொன்னார். ஓடையைப் பிடித்துக்கொண்டு மேலே நடந்தோம். குப்பை வண்டி நுழைய முடியாத சந்து. கட்டிய குப்பையை வைக்க அவர்களுக்கு ஓடைக்கரையைத் தவிர இடமில்லை. அதே சந்தில் முன்பு நான் விழிப்புணர்வுத் துண்டறிக்கை கொடுத்திருக்கிறேன். மரியாதையாக வாங்கிக்கொண்டார்கள். அவர்களுக்கு வேண்டியிருந்தது ஒரு தள்ளுவண்டி.

அந்த வண்டிக்கு எட்டு மாதம் ஆனது. மனு, ஆய்வு, மறுபடியும் மனு. எங்கள் நோட்டின் பக்கங்களை மனுவோடு இணைத்த பிறகுதான் யாரோ நின்று படித்தார்கள். வண்டி வர ஆரம்பித்து மூன்று மாதத்தில், நோட்டில் அந்த ஓடைக்கான பக்கத்தில் முடிச்சுப் போட்ட கவர்களின் வரிசை வெறுமையாக இருந்தது. அக்கா அந்தப் பக்கத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

நோட்டில் அடுத்த ஓடைக்கான பக்கம் இன்னும் நிறைந்துதான் இருக்கிறது. வருவதெல்லாம் ஒரே நிறத்தில் ஒரே அளவில் வெட்டிய பிளாஸ்டிக் துணுக்குகள், வீட்டிலிருந்து வருவது மாதிரி தெரியவில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை மூட்டை எடுக்காமல் நான்கு பேர் மட்டும் அந்த ஓடையைப் பிடித்து மேலே நடக்கப் போகிறோம்.