வீடியோ கேசட்டை டிவிடிக்கு மாற்றிய கதை

கேசட்டை டிவிடியாக மாற்றினால் படம் மங்கிவிடும் என்று பலர் பயமுறுத்தினார்கள். வீட்டிலிருந்த விஎச்எஸ் கேசட்டுகளை எல்லாம் மாற்றி முடித்தபிறகு எனக்குத் தோன்றுவது, பழி டிவிடி மேல் இல்லை. விஎச்எஸ்ஸில் குறுக்குவாக்கில் இருப்பதே ஏறக்குறைய 240 கோடு அளவு விவரம்தான், அதை டிவிடி தாராளமாகத் தாங்கும். படம் கெடுவதெல்லாம் பெரும்பாலும் அதற்கு முன்னாடி, பிளேயரிலும் ஒயரிலும்.

பிளேயர்தான் பெரிய தலைவலி. 2016-க்குப் பிறகு புதிதாக யாரும் செய்வதில்லை, பழையதைத்தான் தேட வேண்டும். வெளிச்சத்தையும் நிறத்தையும் தனித்தனியாக அனுப்பும் எஸ்-வீடியோ அவுட் உள்ள எஸ்-விஎச்எஸ் (விஎச்எஸ்ஸின் மேம்பட்ட வகை) மாடல் கிடைத்தால் விடாதீர்கள். டேப்பில் வெளிச்சமும் நிறமும் தனித்தனியாகத்தான் பதிவாகியிருக்கின்றன, சாதாரண மஞ்சள் வீடியோ ஒயரில் அனுப்பும்போது இரண்டும் ஒன்றாகக் கலந்து, அப்புறம் கம்ப்யூட்டர் பக்கம் மறுபடி பிரிக்கப்படுவதால் நிற ஓரங்களில் புள்ளி புள்ளியாக ஊர்ந்துகொண்டே இருக்கும். கோடுகளின் நேரப் பிசகைச் சரிசெய்யும் டிபிசி என்கிற டைம் பேஸ் கரெக்டரும் இருந்தால் கதவு நிலை, தூண் மாதிரி நேர்கோடுகள் நெளியாமல் நிற்கும். எனக்குக் கண்ணில் பட்ட பெரிய வித்தியாசம் இதுதான்.

கேசட்டைப் போடுவதற்கு முன் அதன் கண்ணாடி வழியாகப் பாருங்கள். சுற்றின் மேல் வெள்ளையாகப் பூஞ்சை தெரிந்தால் உள்ளே விடவே கூடாது, டேப்பைப் படிக்கும் ஹெட்டும் போகும், அடுத்த கேசட்டுக்கும் பரவும். நன்றாக இருப்பதை ஒருமுறை கடைசிவரை ஓட்டித் திரும்பச் சுற்றிவிட்டுக் கம்ப்யூட்டரில் பதிவைத் தொடங்கினேன். ஒரு பிளேயரில் கோடு கோடாக ஆடிய கேசட் இன்னொன்றில் ஒழுங்காக ஓடியதும் உண்டு, அதனால் ஹெட்டை டேப்பின் தடத்தோடு பொருத்தும் டிராக்கிங்கைத் திருகிப் பார்த்தும் சரியாகவில்லை என்றால் வேறு பிளேயரில் போட்டுப் பார்க்கலாம்.

டிவிடிக்கான சுருக்கிய வடிவமான எம்பெக்-2 ஆக நேராகப் பதிவு செய்யவில்லை. வர்ச்சுவல்டப் என்ற வீடியோ மென்பொருளில், தரம் குறையாமல் சுருக்கும் ஹஃப்யுவ் கோடெக் வைத்து, இழப்பில்லாத கோப்பாக முதலில் எடுத்துக்கொண்டேன். ஒரு மணி நேரத்துக்கு 30 ஜிபி பக்கம் தின்னும்தான், ஆனால் தரம் இழக்கும்படி சுருக்குவது ஒரே ஒருமுறை, கடைசியில். படத்தின் அடியில் ஆடும் பட்டையை வெட்டி இழுக்காமல் கறுப்பால் மறைத்தேன். டீஇண்டர்லேஸ் (ஒற்றைக் கோடுகள், இரட்டைக் கோடுகள் என்று மாறி மாறி வரும் அரைப்படங்களை முழுப்படமாக்குவது) செய்யச் சொல்லி யாராவது ஆலோசனை சொன்னால் கேட்காதீர்கள், டிவிடிக்கு அது தேவையே இல்லை, அசைவின் வழுவழுப்புதான் போகும். அந்த அரைப்படங்களின் முன்பின் வரிசையான ஃபீல்டு வரிசை மட்டும் சரியாக இருக்க வேண்டும், மாறிப்போனால் நடக்கிற ஆள் உதறி உதறி நடப்பார்.

ஒற்றை அடுக்கு டிஸ்க்கில் 4.7 ஜிபிதான். நான் ஒரு டிஸ்க்குக்கு ஒரு மணி நேரம் என்று வைத்து, நொடிக்கு 8 மெகாபிட் கொடுத்தேன். பழைய டேப்பின் இரைச்சல் பிட்ரேட்டை (நொடிக்கான தரவளவை) விழுங்குவதால் இரண்டு மணி நேரத்தைத் திணித்தால் இருட்டுக் காட்சிகள் கட்டம் கட்டமாகச் சிதறும். எரித்தபிறகு வேறொரு பிளேயரில் ஓட்டிப் பார்த்தேன், பெரிய கோப்புகளையும் அழிக்கவில்லை, ஹார்டுடிஸ்க்கில் அப்படியே இருக்கின்றன.