பாட்டிக்கே ரூல்ஸ் சொல்ற அஞ்சு வயசு

சிங்கப்பூர் வர்றதுக்கு முன்னாடி நான் பயந்ததெல்லாம் வேற. பொண்ணு தமிழ மறந்துடுவாளோ, சீனப் பிள்ளைங்களுக்கு நடுவுல ஒதுங்கி நிப்பாளோ, இப்படி. அதெல்லாம் பெருசா ஒண்ணும் ஆகல. உரசல் ஆரம்பிச்சது மதுரையிலேர்ந்து மாமியார் வந்து இறங்கினதுக்கு அப்புறம்தான், அதுவும் சோத்துல.

நம்ம ஊர்ல குழந்தைக்கு ஊட்டுறதுன்னா அது ஒரு ஊர்வலம். கிண்ணத்துல பருப்பு சாதத்த நெய்விட்டு குழையப் பிசைஞ்சு எடுத்துக்கிட்டு, நாய காட்டி காக்காவ காட்டி, தெரு முழுக்க சுத்தி ஒரு மணி நேரத்துல முடிப்பாங்க. அத்தை அதையே எங்க பிளாக்குக்குக் கீழ, சுவரில்லாம திறந்து கிடக்கற தரைத்தளமான வாய்ட் டெக்ல ஆரம்பிச்சாங்க. எங்க பொண்ணோ அதே வாய்ட் டெக்ல இருக்கற சைல்ட்கேர்ல குட்டியா இருந்தப்பவே சேர்ந்தவ, அங்க தானே ஸ்பூன்ல சாப்பிட்டுட்டு தட்ட கொண்டுபோய் வைக்கணும், சிந்தினாலும் பரவால்ல. அதனால பாட்டி கை வாய்கிட்ட வந்ததுமே "நோ பாட்டி, நானே"ன்னு தலைய திருப்பிக்கிட்டா. அத்தைக்கு முகம் வாடிப்போச்சு. "பெத்த புள்ளைக்கு ஊட்டக்கூட உங்களுக்கு நேரமில்ல, அதான் இப்படி வளர்ந்திருக்கு"ன்னு எனக்குத்தான் விழுந்துச்சு.

நேரமில்லங்கறதும் உண்மைதான், ரெண்டு பேரும் வேலைக்குப் போறோம். ஆனா அவ தானா சாப்பிடறத நான் குறையா பாக்கல, சொல்லப்போனா எனக்குப் பெருமைதான். கையால சாப்பிடக் கத்துக்கணும்னு மட்டும் பிடிவாதமா இருக்கேன், வீட்டுல ரசம் சோத்துக்கு ஸ்பூன் கிடையாது. (ரசத்த ஸ்பூன்ல சாப்பிட்டா அதுல என்னங்க இருக்கு?)

எம்ஆர்டி ரயில்ல இன்னொரு கூத்து. தேக்கா மார்க்கெட்டுக்குப் போற வழியில பேத்திக்குப் பசிக்குமேன்னு அத்தை இட்லி டப்பாவ திறக்க, இவ பெட்டியே திரும்பிப் பாக்கற மாதிரி "பாட்டி, ஃபைன்!"னு கத்தறா. உள்ள சாப்பிட்டா 500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரைக்கும் அபராதம்னு படம் போட்டு ஒட்டியிருக்கறது அவளுக்கு மனப்பாடம். அஞ்சு வயசு வாண்டு பெரியவங்கள எதுத்துப் பேசுதேன்னு அத்தை, பாட்டிய போலீஸ் புடிச்சிடுமோன்னு இவ. ரெண்டு பேருக்கும் கண்ணுல தண்ணி.

சீனப் புத்தாண்டுக்கு எதிர்வீட்டுப் பசங்களுக்கு அங்பாவ், அதாவது சிவப்பு உறையில பணம், வைக்கறப்பவும் இதே கததான். மாமனார் மொய் கணக்குல 11 வெள்ளி எடுத்து வச்சாரு, ஒத்தப்படையா ஒண்ணு கூட்டி வைக்கறதுதானே நமக்கு மங்களம். அவங்களுக்கு அப்படியே தலைகீழ், ரெட்டைப்படையாத்தான் வைக்கணும், அதுலயும் நாலு ஆகாது. ஆரஞ்சு கொடுத்தாலும் ஜோடியா, ரெண்டு கையாலயும். இதையும் இவதான் தாத்தாவுக்குப் பாடம் எடுத்தா. அவர் ரசிச்சு சிரிச்சுட்டு 10 வெள்ளியா மாத்தினாரு. ஆம்பளைங்களுக்கு இதெல்லாம் ஈஸியா போயிடுது, என்னமோ.

ஜூலை 21, இன நல்லிணக்க நாள். 1964ல நடந்த கலவரத்த மறக்கக்கூடாதுன்னு வச்ச நாள், அன்னிக்குப் பிள்ளைங்க அவங்கவங்க பாரம்பரிய உடுப்புலயோ மத்த இனத்து உடுப்புலயோ போவாங்க. அத்தை ஆசையா எடுத்துட்டு வந்த பட்டுப்பாவாடை இருக்க, இவளுக்கு சீனப் பொண்ணுங்க போடற சியோங்சாம் கவுன்தான் வேணுமாம். வாங்கிக் கொடுத்தேன். பாவாடைய தீபாவளிக்குப் போட்டுக்கலாம், அது எங்கயும் ஓடிடாது.

எனக்கு உண்மையிலேயே உறுத்தறது ஒண்ணுதான். எங்க சைல்ட்கேர்ல ரெண்டாவது மொழின்னா மாண்டரின் மட்டும்தான். கல்வி அமைச்சோட பாலர் பள்ளிகள் சிலதுல தமிழ் உண்டு, ஆனா அது குடிமக்களுக்கும் பிஆருக்கும் (நிரந்தரவாசிகளுக்கும்) மட்டும். நாலு ஆட்சி மொழியில தமிழும் ஒண்ணு, ஸ்டேஷன் பேர்லேர்ந்து டிவி சேனல் வரைக்கும் தமிழ் இருக்கற ஊர்ல உக்காந்துக்கிட்டு அ, ஆவ வீட்டுலதான் சொல்லிக் கொடுக்கறேன். லைப்ரரில தமிழ்க் குழந்தைப் புத்தகம் தாராளமா கிடைக்குது, இப்போதைக்கு அத வச்சுத்தான் வண்டி ஓடுது. பிரைமரி ஒண்ணுல சேர்ந்தா தமிழ் பாடம் வந்துடும், ஆனா எங்கள மாதிரி வேலை அனுமதி பாஸ்ல இருக்கறவங்களுக்குப் பள்ளிப் பதிவோட மூணாவது கட்டத்துலதான் இடம், அதுவும் மிச்சம் இருந்தா. பிஆர் போடலாமான்னு இவர் கேட்டுக்கிட்டே இருக்காரு. பையன் இருக்கற வீட்டுல இதப் பேச ஆரம்பிச்சா நேரா தேசிய சேவையிலதான் (ஆம்பளப் பசங்களுக்கான கட்டாய ராணுவ சேவை) போய் நிக்கும், எங்களுக்குப் பொண்ணுங்கறதால அந்த யோசனை இல்ல. அத்தைகிட்ட இன்னும் சொல்லல.