மூடும்போதும் கூட இருப்பது

வென்ச்சர் கேப்பிடலில், அதாவது வளரும் புதுக் கம்பெனிகளில் பணம் போட்டுப் பங்கு வாங்கும் தொழிலில், வேலை என்றதும் எல்லோரும் கேட்பது ஜெயித்த கம்பெனிகளைப் பற்றித்தான். கேட்பதில் தப்பில்லை. 1957-ல் அமெரிக்காவின் ஏஆர்டிசி என்ற முதலீட்டு நிறுவனம், டிஜிட்டல் எக்விப்மென்ட் என்ற கம்ப்யூட்டர் கம்பெனியில் போட்ட 70,000 டாலர் பல கோடி டாலராகப் பெருகிய காலத்திலிருந்தே இந்தத் தொழிலின் கணக்கு அதுதான். ஒன்றிரண்டு பெரிய வெற்றிகள் மற்ற நஷ்டத்தையெல்லாம் ஈடுகட்டியாக வேண்டும். சென்னையில் தொடங்கிய மென்பொருள் கம்பெனி ஃப்ரெஷ்வொர்க்ஸில் 2011-ல் ஆக்செல் என்ற முதலீட்டு நிறுவனம் 10 லட்சம் டாலர் போட்டது; 2021 செப்டம்பரில் ஃப்ரெஷ்வொர்க்ஸ் அமெரிக்கப் பங்குச் சந்தையான நாஸ்டாக்கில் பட்டியலானது.

ஆனால் என் நேரத்தை அதிகம் எடுத்துக்கொண்டவை தடுமாறிய கம்பெனிகள்தான். நன்றாக ஓடும் கம்பெனிக்கு நாங்கள் அவ்வளவாகத் தேவைப்படுவதில்லை.

மென்பொருள் விற்ற ஒரு சிறு கம்பெனியின் போர்டு மீட்டிங். கையிருப்பை மாதச் செலவால் வகுத்தால் இன்னும் எத்தனை மாதம் தாங்கும் என்று தெரியும், ரன்வே என்போம். அது வேகமாகக் குறைந்துகொண்டிருந்தது. "இன்னொரு ரவுண்டு கண்டிப்பா வந்துடும் சார்" என்றார் நிறுவனர், அடுத்த சுற்று முதலீட்டைச் சொல்லி. எக்செல் தாளில் வரப்போகும் வருமானம் என்றிருந்த வரியை மட்டும் மறைக்கச் சொன்னேன். அப்புறம் இன்னொரு வரி சேர்த்தோம்: இன்றைக்கே மூடினால் யார் யாருக்கு எவ்வளவு தர வேண்டும்? சம்பளம், நோட்டீஸ் காலச் சம்பளம், பி.எஃப்., டி.டி.எஸ்., ஆபீஸ் வாடகை, கிளவுட் பில். அன்றைக்கு எல்லாவற்றுக்கும் பணம் இருந்தது. மூன்று மாதம் தள்ளினால் கடைசி மாதச் சம்பளத்துக்கே இருக்காது. அவர் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். "டீம்ல ரெண்டு பேர் இப்பதான் வீட்டுக்கடன் வாங்கியிருக்காங்க சார்" என்றார்.

எங்கள் ஒப்பந்தங்களில் வழக்கமாக ஒரு ஷரத்து உண்டு. கம்பெனி விற்கப்பட்டாலோ கலைக்கப்பட்டாலோ, கடன்களும் பாக்கிகளும் போக மிஞ்சுவதில் முதலீட்டாளருக்கு முதல் பங்கு. நிறுவனரும், சம்பளத்தோடு ஊழியருக்குத் தரப்படும் இசாப் பங்குகளும் அதற்குப் பின்னால்தான். அது நியாயம்தான், நாங்கள் போடுவதும் பிறர் நம்பிக் கொடுத்த பணம். ஆனால் மிஞ்சினால்தானே முதல் பங்கு? ஏதாவது நடக்கும் என்று கடைசி ரூபாய் வரை ஓட்டச் சொல்லும் முதலீட்டாளர், உண்மையில் பந்தயம் கட்டுவது ஊழியர்களின் சம்பளத்தை வைத்துத்தான். இதை எங்கள் முதலீட்டு முடிவுகளை எடுக்கும் கமிட்டியில் வாதாடித்தான் ஒப்புக்கொள்ள வைக்க வேண்டியிருந்தது.

நம் நாட்டில் கம்பெனி தொடங்குவது சுலபம், மூடுவது பொறுமையைச் சோதிக்கும். கம்பெனிகளின் அரசுப் பதிவேட்டிலிருந்து பெயரை நீக்க எஸ்டிகே-2 படிவம் தர வேண்டும். அதற்கு முன் எந்தப் பாக்கியும் இருக்கக் கூடாது. 2023-ல் இதற்கென்றே மானேசரில் சி-பேஸ் என்ற தனி மையம் வந்தது. ஆனாலும் பாக்கிப் பட்டியலைத் தீர்ப்பது நம் பொறுப்புதான். அந்தக் கம்பெனியில் எல்லோருக்கும் முழு சம்பளமும் போய்ச் சேர்ந்தது. எங்களுக்குத் திரும்பியது போட்டதில் சொற்பம்.

எங்களிடம் சேரும் இளைஞர்களை முதல் வருடத்திலேயே இப்படியொரு மூடலில் உட்கார வைக்கிறேன். டீல் முடிப்பதை எங்கும் கற்றுக்கொள்ளலாம். பாக்கிப் பட்டியலை ஒவ்வொரு பெயராகத் தீர்த்துப் பார்த்தவர்கள், அடுத்த போர்டு மீட்டிங்கில் வளர்ச்சி விகிதத்தோடு சம்பளக் கையிருப்பையும் தாங்களாகவே கேட்கிறார்கள்.