தொடாம எப்படிடி துணி பார்க்கிறது?

அம்மா விசிட்டர் விசாவில் அமெரிக்காவின் ஓஹாயோவுக்கு வந்திருந்தபோது ஒரு கில்ட் கண்காட்சிக்கு அழைத்துப் போனேன். துண்டுத் துணிகளை ஒட்டித் தைத்து, உள்ளே பஞ்சு வைத்து நூல் ஓட்டுகிற போர்வைதான் கில்ட். நான் தைத்ததும் ஒன்று அங்கே தொங்கிக்கொண்டிருந்தது. அம்மா அதை விட்டுவிட்டு, நேராகப் பக்கத்துச் சுவரில் இருந்த வேறு யாருடையதோ ஒரு பெரிய கில்ட்டிடம் போய், கீழ் ஓரத்தைப் பிடித்து, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலுமாகத் தேய்த்துப் பார்த்து, அப்படியே திருப்பிப் பின்பக்கத் தையலைப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள். அதில் ஒரு அடர்சிவப்புத் துண்டு இருந்தது. சாயம் போகுமா என்று பார்க்க வேண்டாமா? விரலை நாக்குக்குக் கொண்டுபோன நேரத்தில், வெள்ளைக் கையுறை போட்ட தன்னார்வலர் பாட்டி ஒருவர் ஓடாத குறையாக வந்து, "ப்ளீஸ், தொடக் கூடாது" என்றார்.

"இன்னாவாம்?"

"தொடக் கூடாதாம்மா."

"தொடாம எப்படிடி துணி பார்க்கிறது?"

அம்மா கேட்டதை ஆங்கிலத்தில் சொன்னேன், அந்தப் பாட்டி சிரித்துவிட்டார். கையுறைக் கையால் அவரே ஓரத்தைத் தூக்கிப் பின்பக்கத்தைக் காட்டினார். கில்ட் கண்காட்சிகளில் இதற்கென்றே கையுறையோடு ஆட்கள் நிற்பதுண்டு. அம்மா குனிந்து பார்த்து, "தையல் சுத்தமாத்தான் கீது" என்று சொல்லிவிட்டு நகர்ந்தாள். காரில் திரும்பி வரும்போது ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டாள்: "போத்திக்கவும் மாட்டாங்க, தொடவும் வுட மாட்டாங்க, பின்ன எதுக்குடி தைக்கிறீங்க?"

கேட்டபோது சிரிப்புத்தான் வந்தது. ராத்திரி படுத்த பிறகுதான் சுருக்கென்றது.

நாங்கள் குடியாத்தம். நைனா லுங்கி நெய்தவர். முன்கட்டில் குழித்தறி, பின்கட்டில் சமையல், நடுவில் ஊடை நூலைத் தாராகச் சுற்றுகிற பாட்டி, அவ்வளவுதான் வீடு. அந்த வீட்டில் துணியைக் கண்ணால் பார்த்ததைவிடக் கையால் பார்த்ததுதான் அதிகம். கரண்ட் போன ராத்திரியில் அறுந்துபோன பாவு நூலை நைனா விரலாலேயே தேடிப் பிடித்து முடி போடுவார். லுங்கி எடுக்க வருகிற வியாபாரி விரித்துப் பார்க்கும் முன்னால் ஒரு ஓரத்தை உள்ளங்கையில் வைத்துக் கசக்கி விடுவார்; அது எப்படி விரிகிறது என்பதில்தான் விலை. கல்யாணப் பட்டுக்கு ஆரணி போனாலும் அதே கதை. கடைக்காரர் புடவைகளை எடுத்துப் போடப் போட, பெண்கள் எல்லோரும் முந்தானையைப் பிடித்துத் தேய்த்து, திருப்பிப் பார்த்து, கரையில் ஒரு நூலை உருவிப் பார்த்து, அதற்குப் பிறகுதான் கலர் நன்றாக இருக்கிறதா என்ற பேச்சே வரும்.

இங்கே வந்த புதிதில் எனக்கு டிபெண்டன்ட் விசா, வேலைக்குப் போக முடியாது. குளிர்காலம், கணவர் ஆபீஸ் போய்விட்டால் வீட்டில் ஹீட்டர் சத்தம் மட்டும்தான். நூலகத்தில் சில பெண்கள் கூடித் தைக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். ஓஹாயோ கில்ட்டுக்குப் பேர்போன இடம் என்று அப்போது தெரியாது. ஹோம்ஸ் கவுண்டிப் பக்கம் ஆமிஷ் மக்கள், அதாவது பழைய காலத்து வாழ்க்கையை விடாத கிறிஸ்தவர்கள், கோடோ பூவோ இல்லாத ஒற்றை நிறத் துணிகளை வைத்துக் கண்ணைப் பறிக்கிற கில்ட் தைப்பதற்குப் பேர்போனவர்கள். ஏதென்ஸ் என்ற ஊரில், ஒரு காலத்தில் மனநல மருத்துவமனைக்குப் பால் கறந்துகொண்டிருந்த மாட்டுக் கொட்டகையை அப்படியே கலைக்கூடமாக்கி, 1979இல் 'கில்ட் நேஷனல்' என்ற கண்காட்சியைத் தொடங்கினார்கள். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை நடக்கிறது. தொடங்கியவர்களில் ஒருவரான நான்சி குரோவின் வேலையைப் பார்த்த பிறகுதான் ஸ்கேல் இல்லாமல் துணி வெட்டலாம் என்ற எண்ணமே எனக்கு வந்தது.

நான் செய்வது இம்ப்ரோவைசேஷன் வகை. வரைபடம் கிடையாது, அளவு கிடையாது. கண் மதிப்பில் நீளநீளமாக வெட்டி, கால் அங்குலம் உள்ளே விட்டுத் தைத்து, அயர்ன் பண்ணி, ஃபிளானல் ஒட்டிய சுவரில் வைப்பேன். ஊசி இல்லாமலே துணி அதில் ஒட்டிக்கொள்ளும். தள்ளி நின்று பார்த்து, பிடிக்கவில்லை என்றால் தைத்ததையே மறுபடி வெட்டிப் பக்கவாட்டில் திருப்பி வைப்பேன். கட்டம் போட்ட லுங்கித் துணிக்கு ஒரு குணம் உண்டு. நேராக வெட்டினால் கட்டம் அசையாமல் நிற்கும். ஒரு துளி சாய்த்து வெட்டினால் போதும், கோடுகள் நடக்க ஆரம்பித்துவிடும். அந்த ஒரு துளிதான் என்னைப் பிடித்துப்போட்டது, இன்றுவரை விடவில்லை. ஆனால் சாய்த்து வெட்டிய லுங்கி கையோடு இழுபடும், அதனால் வெட்டும் முன்னால் கஞ்சி போட்டு அயர்ன் பண்ண வேண்டும்.

லுங்கி எல்லாம் ஊரிலிருந்து வந்தது, ஊறுகாய் பாட்டில் உடையாமல் இருக்கச் சுற்றி. நைனா கட்டிக் கட்டித் துவைத்த பழசு. முதல் லுங்கியை வெட்டிவிட்டேன் என்று போனில் சொன்னபோது அவர், "இன்னும் ரெண்டு வருசம் கட்டியிருக்கலாமே, நல்லாத்தானே இருந்துச்சு" என்றார். அமெரிக்கா வரை வந்த பிறகும் அவர் கணக்கில் அது கட்டுகிற லுங்கிதான்.

இங்கே இருக்கிற நம்மவர்களுக்கு நான் தைக்கிறவள் என்று தெரியும், என்ன தைக்கிறேன் என்பதுதான் கொஞ்சம் குழப்பம். பிறந்தநாள் விழாக்களில், "அக்கா, ஃபால்ஸ் வெச்சுத் தருவீங்களா, இந்த பிளவுஸ் கொஞ்சம் பிரிச்சு விடணும்" என்று பையோடு வருவார்கள். வைத்துக் கொடுத்திருக்கிறேன், சந்தோஷமாகத்தான். மெஷினில் அவர்கள் பட்டுப் புடவை நகரும்போது சுண்ணாம்புக்காரத் தெருவோ ஆரணி பஜாரோ எதுவோ ஒன்று ஞாபகத்துக்கு வந்து நிற்கும்.

மற்றபடி பழகிவிட்டேன். காரில் பனி சுரண்டப் பழகிவிட்டேன். குடியிருப்பில் பால்கனியில் துணி காயப்போடக் கூடாது என்று நோட்டீஸ் ஒட்டியதற்கும் பழகிவிட்டேன், வெயிலுக்குப் பேர்போன ஜில்லாவில் பிறந்தவளுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் கஞ்சி போட்ட லுங்கியில் அயர்ன் பாக்ஸை வைத்ததும் ஒரு வாசனை கிளம்பும் பாருங்கள், அதற்கு மட்டும் பழகவே முடியவில்லை. விடியற்காலையில் எங்கள் தெரு முழுக்க அந்த வாசனைதான். தெரு நீளத்துக்குப் பாவு இழுத்துக் கட்டி, இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று கஞ்சி தடவி பிரஷ் இழுப்பார்கள். பள்ளிக்கூடம் போகிற நாங்கள் பாவுக்கு அடியில் குனிந்து புத்தகப்பை படாமல் போக வேண்டும், பட்டால் தொலைந்தோம். இப்போது அந்த வாசனை வந்ததும் கழுத்து தானாகக் கொஞ்சம் குனிகிறது.

அம்மா கேட்டதற்கு வருகிறேன். கில்ட் சுவருக்கு ஏறிய வரலாறு ரொம்பப் பழசில்லை. 1971இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகம், அதுவரை கட்டிலில் கிடந்த பழைய கில்ட்டுகளை ஓவியங்களைப் போலச் சுவரில் மாட்டிக் காட்டியது. அதற்குப் பிறகுதான் மாட்டுவதற்கென்றே தைப்பவர்கள் பெருகினார்கள். 2002இல் அதே விட்னிக்கு அலபாமாவின் ஜீஸ் பெண்ட் பெண்களின் கில்ட்டுகள் வந்தன. ஆற்று வளைவில், அடிமைகளாக இருந்தவர்களின் வாரிசுகள் வாழ்கிற கிராமம் அது. அந்தப் பெண்கள் தைத்தது குளிருக்கு, கிடைத்த துணியில், வயல் வேலைக்குப் போட்டுத் தேய்ந்த கால்சட்டைகளில். 2006இல் அமெரிக்கத் தபால்துறை அவற்றிலிருந்து 10 தபால்தலைகள் வெளியிட்டது.

அவர்களில் மிசூரி பெட்வே என்பவர் 1942இல் கணவர் இறந்ததும் அவருடைய வேலை உடுப்புகளை எடுத்து வெட்டி ஒரு கில்ட் தைத்தார். அவரை நினைத்துக்கொண்டு அதைப் போர்த்திப் படுக்கத்தான் தைத்தார் என்று மகள் பிற்பாடு சொல்லியிருக்கிறார். அந்தப் படத்தைப் புத்தகத்தில் அம்மாவுக்குக் காட்டினேன். புத்தகத்தைத் தொடக் கூடாது என்று யாரும் சொல்லப் போவதில்லையே. அம்மா பக்கத்தின் மேல் கையை வைத்து, வெளுத்துப்போன ஒரு இடத்தைத் தடவி, "முட்டி போட்டு வேலை செஞ்ச ஆளு" என்றாள். நான் அந்தப் படத்தை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன், எனக்கு அங்கே நீலம்தான் தெரிந்திருந்தது.

தொடக் கூடாது என்பதற்குக் காரணம் இருக்கிறது. கைவியர்வையின் உப்பும் எண்ணெயும் அன்றைக்குத் தெரியாது, வருஷங்கள் கழித்துப் பருத்தியில் பழுப்பாக எழும்பும். வெளிச்சமே சாயத்தைத் தின்னும் என்று அருங்காட்சியகங்களில் துணிக்கு 50 லக்ஸ் அளவில்தான் விளக்கு வைக்கிறார்கள். எல்லாம் நியாயம். என் ஆதங்கம் அந்த விதியோடு இல்லை, அதற்கும் முன்னால் தொடங்குகிறது. கண்காட்சிக்கு விண்ணப்பிக்கும்போது நான் அனுப்புவது போட்டோ: முழுசாக ஒன்று, கிட்டத்தில் எடுத்தது ஒன்று. அதைத் திரையில் பார்த்துத் தேர்வு செய்கிறார்கள். தேர்வானால் பின்பக்கம் மேலே துணிக்குழாய் தைத்து, கட்டை செருகத் தோதாக அனுப்புகிறேன். கையுறைக் கை பிரித்து மாட்டுகிறது, பார்வையாளர் கையைக் கட்டிக்கொண்டு பார்க்கிறார், மறுபடி கையுறைக் கை சுருட்டி அனுப்புகிறது. எங்கள் ஊரில் வைகாசி முதல் நாள் நடக்கிற கெங்கையம்மன் சிரசு ஊர்வலத்தை மனதில் வைத்து ஒன்று தைத்தேன். மஞ்சளும் சிவப்புமாய், கௌண்டன்யா நதிக்கரையில் இடிபட்டு நிற்கிற கூட்டமாய். பத்துக் கை படாமல் யாரும் வெளியே வர முடியாத திருவிழா அது. அதன் கில்ட் வெறும் கை ஒன்றுகூடப் படாமல் ஊர் ஊராகப் போய்த் திரும்பி வந்தது. அட்டைப்பெட்டியைப் பிரித்தபோது துணியில் கிடங்கு வாசனை. அன்றைக்கு ரொம்பக் கோபம் வந்தது.

அதனால் அடுத்து ஒரு சின்னக் கண்காட்சிக்குக் கேட்டபோது, மாட்டுகிற கில்ட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு முழத்துக்கு ஒரு முழம் அதே லுங்கி, அதே பஞ்சு, அதே தையலில் ஒரு துண்டும் தொங்கவிடலாமா என்று கேட்டேன். அமைப்பாளர் உடனே சரி என்றார். 'இதைத் தொடலாம்' என்று ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுதி வைத்தேன். முதலில் எல்லோரும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துக்கொண்டுதான் கையை நீட்டினார்கள். பெரிய, காய்ப்பு காய்த்த கையுள்ள ஒருவர் கட்டைவிரலால் வெகுநேரம் தேய்த்துக்கொண்டே தன் பாட்டி தைத்த கில்ட்டைப் பற்றிப் பேசினார். ஒரு குழந்தை கன்னத்தில் வைத்துக்கொண்டு தர மறுத்தது. தமிழ்க் குடும்பம் ஒன்று வந்தது, அந்தப் பெண் முதல் வேலையாகத் துண்டைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளலாம் போல் இருந்தது. கண்காட்சி முடியும்போது துண்டின் கீழ்முனை கறுத்து, ஓரம் பஞ்சு தெரியப் பிரிந்திருந்தது. அருங்காட்சியக விதி சரிதான் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். ஆனால் அதுவும் நான் தைத்ததுதானே, அதன் ஆயுசு அப்படிப் போகட்டும்.

அம்மா ஊருக்குப் போகும்போது ஒரு கில்ட் கொடுத்தனுப்பினேன். குடியாத்தம் வெயிலில் யார் போர்த்துவார்கள்? அக்கா பையன் அதை விரித்துத் தூங்குகிறான், டீயைக் கொட்டிவிட்டான், துவைத்து மாடியில் போட்டால் அரைமணியில் காய்ந்துவிடுகிறதாம். "துவைக்கத் துவைக்கத்தான் நல்லாருக்குது" என்று அம்மா போனில் சொன்னாள். கண்காட்சியில் இருந்ததற்கு இப்படி யாரும் சொன்னதில்லை.

இப்போது நைனா தெருவில் பழைய லுங்கி சேகரிக்கிறார். நன்றாக மெத்தென்று ஆன பழசுதான் வேண்டும் என்று சொல்லியிருந்தேன். பழைய லுங்கி எதற்கு என்று கேட்காமல் யார் தருவார்கள்? அமெரிக்காவில் மாட்டுவார்களாம், தொட்டும் பார்ப்பார்களாம் என்று டீக்கடை வரை சொல்லியாகிவிட்டது. கூட நெய்த ஒரு மாமா, தான் நெய்து தானே கட்டிய பச்சைக் கட்டம் ஒன்றைக் கொடுத்திருக்கிறார், அதை உள்ளே மறைத்துத் தைத்துவிடக் கூடாது என்ற நிபந்தனையோடு. காட்பாடியிலிருந்து வருகிற ஒருவரிடம் எல்லாம் கொடுத்தனுப்பினார்கள், நேற்றுப் போய் வாங்கி வந்தேன். பச்சைக் கட்டத்தை எடுத்துக் கசக்கிப் பார்த்தேன். நெசவு கொஞ்சம் தளர்ந்துபோயிருக்கிறது, சுவரில் தொங்கத் தாங்காது. தொடுகிற துண்டில் நடுவாக வைத்து, பின்னால் ஒரு மெல்லிய துணி கொடுத்து நெருக்கமாக நூல் ஓட்டிவிட்டால், இந்தத் தடவை ஒரு கண்காட்சிக்கு மேலேயே தாங்கும் என்று நினைக்கிறேன்.